கண்டங்களைத் திருத்தி எழுதிய பாலிடெக்னிக் மாணவர் – எட்வார்டு சூஸ்



ஆண்டு மலர் என்றாலே காமராஜர், விஸ்வேஸ்வரய்யா, அப்துல் கலாம் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகள் வருவது வழக்கம். வரவும் வேண்டும். நான் இந்த முறை வேறொருவரை எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் எட்வார்டு சூஸ். ஆஸ்திரியா நாட்டுக்காரர். நிலவியல் படிக்கிறவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். நிலாவில் ஒரு பள்ளத்துக்கும் செவ்வாய்க் கிரகத்தில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! நாம் ஏன் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்? காரணம் இரண்டு. ஒன்று, அவரும் நம்மை மாதிரி பாலிடெக்னிக்கில் சேர்ந்து படித்தவர். பட்டம் எதுவும் வாங்காதவர். இரண்டு, நம்ம திருவண்ணாமலை எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்ற கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பதிலைச் சொன்னவர்.

ஏழா, ஆறா?

ஏழு கண்டங்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆசியா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா. மனப்பாடமாக ஒப்பித்து மார்க்கும் வாங்கினோம். சுற்றிலும் கடல் சூழ்ந்த பெரிய நிலம்தான் கண்டம் என்றால், ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் கடல் எங்கே இருக்கிறது? உலக வரைபடத்தை எடுத்து மேற்கே போர்ச்சுகலில் விரலை வைத்துக் கிழக்கே கொரியா வரைக்கும் இழுத்துக்கொண்டே போகலாம். விரல் கடலில் விழவே விழாது. மொத்தம் சுமார் 5.5 கோடி சதுர கிலோமீட்டர். உலக நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பூமியில் இதைவிடப் பெரிய நிலம் கிடையாது.

பிறகு யார் இதை இரண்டாகப் பிரித்தது? பழைய கிரேக்க மாலுமிகள்தான். அவர்களுடைய ஏஜியன் கடலுக்கு மேற்குக் கரை ஐரோப்பா, கிழக்குக் கரை ஆசியா. வடக்கே போனால் டான் என்ற ஆறு எல்லை. அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான வருஷம் இப்படியே ஓடியது. ஸ்வீடன் படை அதிகாரி ஸ்ட்ராலன்பெர்க் என்பவர் ரஷ்யாவிடம் போர்க்கைதியாகப் பிடிபட்டு, சைபீரியாவில் பல வருஷம் இருந்தார். ஊர் திரும்பிய பிறகு 1730-ல் வெளியிட்ட நூலில் யூரல் மலையை எல்லையாகக் காட்டினார். ரஷ்யர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அதைத்தான் இன்றைக்கும் நாம் படிக்கிறோம். இதில் ஒரு வேடிக்கை! யூரல் மலையின் உயரமான சிகரம் சுமார் 1,895 மீட்டர். நம்ம நீலகிரி தொட்டபெட்டா 2,637 மீட்டர். தொட்டபெட்டாவைவிடக் குட்டையான ஒரு மலையை வச்சு இரண்டு கண்டங்களைப் பிரித்துவிட்டார்கள்!

இந்தக் கோட்டை அழித்துவிட்டு வேறு கோடு போட்டவர்தான் நம் கதாநாயகர்.

தோல் தொழிற்சாலை முதலாளி மகன்

சூஸ் 1831 ஆகஸ்ட் 20-ல் லண்டனில் பிறந்தார். அப்பா கம்பளி வியாபாரி. பையனுக்கு மூன்று வயது இருக்கும்போது குடும்பம் பிராக் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1845-ல் வியன்னாவுக்கு வந்தார்கள். அங்கே அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலை நடத்தினார். நம்ம பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் இருக்கிற மாதிரி தோல் ஷாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகனும் அந்தத் தொழிலுக்கு வரவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதற்காகத்தான் பாலிடெக்னிக்கில் சேர்த்தார்.

ஆனால் காலம் வேறு மாதிரி இருந்தது. 1848-ல் ஐரோப்பா முழுவதும் மன்னராட்சிக்கு எதிராக மக்கள் எழுந்தார்கள். வியன்னாவில் மாணவர்களே ஒரு படையாகத் திரண்டார்கள். 17 வயது சூஸும் அதில் சேர்ந்தார். புரட்சி அடக்கப்பட்டது. பையன் கெட்டுப்போகக் கூடாது என்று வீட்டார் அவரைப் பிராக்கில் இருந்த தாத்தா வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் திருப்பம்! பிராக் அருங்காட்சியகத்தில் இருந்த தொல்லுயிர்ப் படிவங்களைப் பார்த்தார். கல்லுக்குள் பதிந்து கிடக்கும் கோடிக்கணக்கான வருஷத்து உயிர்கள். அன்றைக்குப் பிடித்த பித்து சாகும்வரை விடவில்லை.

வியன்னா திரும்பியவரை 1850 கடைசியில் போலீஸ் பிடித்தது. புரட்சிக்காரர்களோடு தொடர்பு என்று சந்தேகம். கொஞ்ச காலம் சிறை. அரசு நிலவியல் நிறுவனத்தின் தலைவர் ஹைடிங்கர் என்ற பெரியவர் தலையிட்டதால் வெளியே வந்தார். ஆனால் படிப்பு அதோடு அறுந்தது. கையில் எந்தச் சான்றிதழும் இல்லை. வயது 19.

இந்த இடத்தில் நம்மில் எத்தனை பேர் உடைந்து போயிருப்போம்! சூஸ் 1852-ல் அரண்மனை அருங்காட்சியகத்தில் உதவியாளர் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டி பெட்டியாகக் கிடந்த கிளிஞ்சல் கற்களைப் பிரித்து, அடையாளம் கண்டு, சீட்டு ஒட்டி அடுக்குவதுதான் வேலை. கடைநிலை வேலை மாதிரி தெரியும். அந்த வேலையைச் செய்துகொண்டே ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். டாக்டர் பட்டம் இல்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். பிறகு கல்வி அமைச்சரே தலையிட்டு, அவருடைய கட்டுரைகளைப் பார்த்து, நேரடியாகப் பேராசிரியர் பதவி கொடுத்தார். அப்போது சூஸுக்கு 26 வயது கூட நிறைந்திருக்காது. பட்டம் இல்லாத அந்த மனிதரிடம் படித்தவர்கள் பிறகு உலகம் எங்கும் நிலவியல் அறிஞர்களாகப் போனார்கள்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டி ஒரு படிப்புக்குள் வந்த முதல் ஆள் நான். டிப்ளமாதானே என்று யாராவது இழுத்துச் சொல்லும்போது எனக்கு இப்போது சூஸ் ஞாபகம் வருகிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதினேன்.

காலுக்குக் கீழே பார்த்தவர்

சிவில் மாணவர்கள் இந்தப் பகுதியைக் கவனித்துப் படிக்கவும்! சூஸ் உலகத்தைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் சொந்த ஊர் மண்ணைப் பற்றி எழுதினார். 1862-ல் வெளிவந்த அந்தப் புத்தகம் வியன்னா நகரத்தின் தரையைப் பற்றியது. எந்தத் தெருவுக்குக் கீழே களிமண், எங்கே சரளை, எந்த ஆழத்தில் நீர், எந்த மயானத்தில் இருந்து எந்தக் கிணற்றுக்குக் கசிவு வருகிறது என்று அடுக்கு அடுக்காகக் காட்டினார். வியன்னா மக்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து டைபாய்டிலும் காலராவிலும் செத்துக்கொண்டிருந்த காலம் அது. நோய்க்குக் காரணம் தரைக்குள் இருக்கிறது என்று அவர் காட்டினார்.

சொன்னதோடு விடவில்லை. 1863-ல் நகர சபை உறுப்பினர் ஆனார். ஆல்ப்ஸ் மலைச் சுனைகளில் இருந்து நேராக நகரத்துக்குத் தண்ணீர் கொண்டு வரலாம் என்று திட்டம் போட்டார். தூரம் சுமார் 90 கிலோமீட்டர். பம்ப் கிடையாது. மலையில் இருந்து நகரம் வரை சரிவை ஒரே சீராக வைத்துச் சுரங்கம் தோண்டி, பள்ளம் வந்தால் வளைவுப் பாலம் கட்டி, ஈர்ப்பு விசையிலேயே தண்ணீரை ஓட வைத்தார்கள். நாம் சர்வே பிராக்டிகலில் லெவல் எடுக்கிறோமே, அதே கணக்குதான். நடக்காத காரியம் என்று கேலி செய்தவர்கள் நிறைய. 1873 அக்டோபர் 24-ல் நகர மையத்தில் நீரூற்று சீறி எழுந்தபோது கேலி நின்றது. அதே வருஷம் கோடையில்தான் காலரா அந்த நகரத்தில் பலரைக் கொண்டு போயிருந்தது. மலைத் தண்ணீர் வந்த பிறகு டைபாய்டு சாவு வெகுவாகக் குறைந்தது. அந்தக் குழாய் இன்றைக்கும் வியன்னாவுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. டான்யூப் ஆற்றின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த 1870 முதல் 1875 வரை புதிய ஆற்றுப்பாதை வெட்டிய பணியிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

நம்ம ஊரில் போர் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கொஞ்ச ஆழம் போனதும் கெட்டிப் பாறை. பாறையில் வெடிப்பு இருந்தால் தண்ணீர்; இல்லாவிட்டால் புகைதான் வரும். தரைக்குக் கீழே இருப்பது தெரியாமல் தரைக்கு மேலே ஒன்றும் செய்ய முடியாது. சூஸ் வாழ்க்கை முழுக்க இந்த ஒரே பாடம்தான். முதலில் ஒரு நகரத்துக்குக் கீழே பார்த்தார். அப்புறம் ஒரு மலைத்தொடருக்குக் கீழே பார்த்தார். ஆல்ப்ஸ் மலை எப்படி உண்டானது என்று 1875-ல் ஒரு நூல் எழுதினார். உயிர்க்கோளம் என்ற கருத்துக்கு முதன்முதலில் பெயர் கொடுத்ததும் அந்த நூலில்தான். கடைசியில் உலகம் முழுவதற்கும் கீழே பார்க்கத் துணிந்தார்.

பூமியின் முகம்

பூமியின் முகம் என்ற பொருள்படும் பெயரில் அவர் எழுதிய பெரிய நூல் 1883-ல் வெளிவரத் தொடங்கி 1909-ல் முடிந்தது. 26 வருஷ உழைப்பு! உலகத்தின் எல்லா மூலைகளில் இருந்தும் வந்த நிலவியல் அறிக்கைகளை மேஜையில் பரப்பிப் படித்து, ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்த்தார். அரசியல்வாதிகள் போட்ட எல்லை, மாலுமிகள் போட்ட எல்லை எதையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. பாறை என்ன சொல்கிறது? அது ஒன்றுதான் கேள்வி.

பாறையைக் கேட்டதும் இரண்டு பதில்கள் கிடைத்தன. முதல் பதில், ஐரோப்பாவும் ஆசியாவும் ஒன்று. யூரல் மலை இரண்டு கண்டங்களுக்கு நடுவில் நிற்கும் மதில் இல்லை. ஒரே வீட்டுக்குள் இருக்கும் பழைய மடிப்புதான். ஆகவே இரண்டையும் சேர்த்து யூரேசியா என்றே எழுதினார். அந்தச் சொல் அவருக்கு முன்பே அங்கங்கே தலைகாட்டியதுதான். நம் நாட்டில் வெள்ளைக்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் பிறந்தவர்களை ஆங்கிலோ இந்தியர் என்று சொல்லும் வழக்கம் நிலைப்பதற்கு முன்னால் யூரேசியர் என்றுதான் சொன்னார்கள். ஆனால் நிலத்துக்கு அந்தப் பெயரை நிலைநிறுத்தியதில் சூஸின் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது பதில்தான் நமக்கு அதிர்ச்சி. இந்தியத் தீபகற்பம் யூரேசியாவைச் சேர்ந்தது இல்லை! வரைபடத்தில் ஆசியாவோடு ஒட்டி இருந்தாலும், பாறையின் உறவு ஆப்பிரிக்காவோடுதான். ஆல்ப்ஸில் இருந்து இமயமலை வரை நீளும் புதிய மலைத்தொடர்தான் உண்மையான எல்லை. அதற்கு வடக்கே யூரேசியா. தெற்கே ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியத் தீபகற்பம் எல்லாம் சேர்ந்த இன்னொரு பழைய நிலம். ஒன்றாக இருந்ததைப் பிரித்தவர்களின் கோட்டை அழித்து, வேறாக இருந்ததைச் சேர்த்தவர்களின் கோட்டையும் அழித்துவிட்டார். அப்படிப் பார்த்தா அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிற நாம் சுற்றுவது ஆசியாவின் மலையை இல்லை!

கோண்டுகளின் காடு

தெற்கே இருந்த அந்தப் பழைய நிலத்துக்கு ஒரு பெயர் வேண்டும். சூஸ் கிரேக்கத்திலோ லத்தீனிலோ தேடவில்லை. நம் நாட்டுப் பெயரையே எடுத்துக்கொண்டார். கோண்டுவானா நிலம்!

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1851-ல் கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தொடங்கப்பட்டது. நிலக்கரி தேடுவதுதான் முதல் வேலை. மத்திய இந்தியாவில் கோண்டு பழங்குடி மக்கள் ஆண்ட பகுதியில் தனி வகையான பாறை அடுக்குகள் கிடைத்தன. அங்கே பணியாற்றிய மெட்லிகாட் 1872-ல் அவற்றுக்குக் கோண்டுவானா என்று பெயர் வைத்தார். கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த ஃபைஸ்ட்மான்டல் 1876-ல் அந்தப் பெயரை அச்சில் கொண்டு வந்தார். அந்த அடுக்குகளில் குளோசாப்டெரிஸ் என்ற செடியின் இலைப் பதிவுகள் ஏராளம். நாக்கு வடிவ இலை. அதே இலை தென் ஆப்பிரிக்காவிலும் இருந்தது. காற்றில் பறந்தோ கடலில் மிதந்தோ இவ்வளவு தூரம் போயிருக்க முடியாது. நிலம் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்று சூஸ் முடிவுக்கு வந்தார். பின்னால் தென் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் இந்தக் குடும்பத்தில் சேர்ந்தன. தென் துருவத்துக்குப் போய் 1912-ல் பனியில் உயிர்விட்ட ஸ்காட் குழுவினர் கடைசிவரை சுமந்து வந்த சுமார் 16 கிலோ கற்களிலும் அதே இலை இருந்தது. அண்டார்டிகாவும் நம்ம சொந்தம்தான்!

கோண்டு மக்கள் பேசும் கோண்டி, தமிழுக்குச் சொந்தமான திராவிட மொழி. காட்டில் வாழும் ஒரு பழங்குடியின் பெயர், பூமியின் தென்பாதி முழுவதையும் அடக்கிய ஒரு பெருங்கண்டத்துக்கு நிலைத்துவிட்டது. உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்தாலும் அந்தப் பெயரைச் சொல்லாமல் பாடம் முடியாது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

கோண்டுவானா என்பது வெறும் பழங்கதை இல்லை. நாட்டின் நிலக்கரியில் ஏறக்குறைய முழுவதும் அந்த அடுக்குகளில் இருந்துதான் வருகிறது. ஒடிசாவின் தால்சேர் நிலக்கரி ரயிலிலும் கப்பலிலும் தமிழ்நாட்டு அனல்மின் நிலையங்களுக்கு வருகிறது. எலக்ட்ரிக்கல் மாணவர்களே, நீங்கள் லேபில் சுவிட்சைப் போடும்போது எரிவதில் ஒரு பங்கு கோண்டுவானாக் காடு! நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது வயதில் மிகவும் இளையது. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கிடைத்த செடிப் படிவங்கள் கோண்டுவானாக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. அவற்றை ஃபைஸ்ட்மான்டல்தான் ஆராய்ந்து 1879-ல் எழுதினார்.

அரியலூரும் சாளக்கிராமமும்

சூஸ் இந்தியா பற்றி எழுதியதெல்லாம் இங்கே வெயிலில் நடந்தவர்களின் அறிக்கைகளை வைத்துத்தான். அவர்களில் ஒருவர் ஸ்டோலிச்கா. வியன்னாவில் சூஸிடம் படித்த மாணவர். 1862-ல் கல்கத்தா வந்தார். நம்ம அரியலூர், திருச்சிப் பக்கம் கிடைக்கிற கடல் உயிர்ப் படிவங்களை வகைப்படுத்தி பெரிய நூல்களாக எழுதினார். அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் இருக்கக் காரணமான சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழைய கடல் விட்டுப்போன சொத்துதான். ஸ்டோலிச்கா இமயமலைப் பக்கமும் பலமுறை போனார். 1874-ல் மத்திய ஆசியாவில் இருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயரமான மலைப்பாதையில் மூச்சுத் திணறி இறந்தார். வயது 36. இப்படிப்பட்டவர்கள் உயிரைக் கொடுத்துச் சேர்த்த விவரம்தான் வியன்னாவில் இருந்த ஆசிரியரின் மேஜையில் கண்டங்களாக உருமாறியது.

யூரேசியாவுக்கும் கோண்டுவானாவுக்கும் நடுவில் என்ன இருந்தது? ஒரு கடல் இருந்தது என்றார் சூஸ். 1893-ல் அதற்கு டெத்திஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கப் புராணத்தில் வரும் கடல் தெய்வத்தின் பெயர் அது. இமயமலை உச்சிகளில் கடல் உயிர்ப் படிவங்கள் கிடைப்பதற்கு அதுதான் காரணம். ஆதாரம் வெளிநாட்டில் தேட வேண்டாம். பெருமாள் கோயில்களில் பூஜையில் இருக்கும் சாளக்கிராமத்தைப் பாருங்கள். நேபாளத்தில் கண்டகி ஆற்றில் எடுக்கும் கல் அது. உள்ளே சக்கரம் மாதிரி சுருண்டிருப்பது டெத்திஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரின் ஓடு. பக்தருக்கு அது பெருமாள். நிலவியல் மாணவருக்கு அது காணாமல் போன கடலின் சாட்சி. இரண்டுமே மரியாதைக்கு உரியதுதான்.

எங்கே தவறினார்?

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது குறையை மறைக்கக் கூடாது. கண்டங்கள் இருந்த இடத்தில் இருக்கின்றன, நடுவில் இருந்த நிலம் மூழ்கித்தான் கடல் ஆனது என்று சூஸ் நம்பினார். உலர்ந்துபோன ஆப்பிளின் தோல் சுருங்குகிற மாதிரி பூமி குளிர்ந்து சுருங்குவதால் மலைகள் எழுகின்றன என்பது அவர் கருத்து. அது நிற்கவில்லை. 1912-ல் ஜெர்மானியர் வெகனர், நிலம் மூழ்கவில்லை, கண்டங்களே நகர்கின்றன என்றார். 1960-களில் கடல் தரையை ஆராய்ந்த பிறகு உலகம் அதை ஏற்றது. இப்போது நமக்குத் தெரிவது இதுதான்: கோண்டுவானா சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் உடையத் தொடங்கியது. இந்தியா பிரிந்து வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் யூரேசியாவில் மோதியது. டெத்திஸ் கடலின் தரை மடிந்து இமயமலையாக எழுந்தது. இன்னும் வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டிருக்கிறோம். 2015-ல் நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கம் அந்த மோதலின் தொடர்ச்சிதான்.

ஆனால் கவனியுங்கள். காரணம் மாறியது, கோடு மாறவில்லை! இந்தியத் தீபகற்பம் வேறு, யூரேசியா வேறு, எல்லை இமயமலைப் பக்கம் என்று அவர் சொன்னது இன்றைய புவித்தட்டுக் கொள்கையிலும் அப்படியே நிற்கிறது. யூரேசியத் தட்டு என்று ஒன்று, இந்தியத் தட்டு என்று வேறொன்று. நம் வட தமிழ்நாட்டுப் பாறைகளுக்கு வயது 250 கோடி ஆண்டு அளவில். மோதிய பிறகு எழுந்த இமயமலை இதற்கு முன் பச்சைக் குழந்தை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம்மவர்களில் பலர் கோண்டுவானாவையும் லெமூரியாவையும் குமரிக்கண்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது உண்டு. லெமூரியா என்பது 1864-ல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் வைத்த பெயர். மடகாஸ்கரில் உள்ள லெமூர் வகை விலங்குகளின் உறவுகள் இந்தியாவிலும் இருப்பதை விளக்க, நடுவில் ஒரு நிலம் மூழ்கியது என்று ஊகித்தார். கண்டங்கள் நகர்வது தெரிந்த பிறகு அந்த ஊகத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். மனித இனம் தோன்றி மூன்று லட்சம் ஆண்டுகள்தான் இருக்கும். கடல் கொண்ட நிலம் பற்றிய நம் இலக்கிய நினைவுக்கு அதன் மதிப்பு உண்டு. அதைக் காப்பாற்ற நிலவியலைக் கடன் வாங்க வேண்டியதில்லை. தமிழுக்கு அப்படிப்பட்ட முட்டு தேவையும் இல்லை.

கடைசிக் காலம்

சூஸ் 1873 முதல் 20 வருஷத்துக்கும் மேல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்பவர்கள் பக்கம் நின்றார். பட்டம் இல்லாத அவர் வியன்னா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவியில் 1888-ல் அமர்ந்தார். 1898 முதல் 1911 வரை ஆஸ்திரிய அறிவியல் கழகத்தின் தலைவர். 1903-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம். 1914 ஏப்ரல் 26-ல் 82 வயதில் காலமானார். அவர் ஒன்றாக்கிக் காட்டிய யூரேசிய நிலம் முதல் உலகப் போரில் துண்டு துண்டாகியது அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான். வியன்னாவில் அவர் கொண்டு வந்த தண்ணீர் முதலில் பீறிட்ட நீரூற்றின் பக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. கண்டங்களுக்குப் பெயர் வைத்த மனிதரை அந்த ஊர் மக்கள் தண்ணீர் கொண்டு வந்தவராகத்தான் முதலில் நினைக்கிறார்கள்.

தோழர்களே! பெயரும் எல்லையும் வானத்தில் இருந்து விழுந்தவை இல்லை. யாரோ ஒரு காலத்தில், தெரிந்ததை வைத்து, மனிதர்கள் போட்டவை. மாலுமி போட்டார், கைதி போட்டார், பாலிடெக்னிக் மாணவர் திருத்தினார். அவரையும் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். திருத்துவதற்குத் தேவைப்பட்டது பட்டமோ பரம்பரையோ இல்லை. காலுக்குக் கீழே குனிந்து பார்க்கும் பழக்கம்தான். கல்லைப் பொறுக்கிச் சீட்டு ஒட்டிய கைதான் கண்டத்துக்கும் சீட்டு ஒட்டியது. அடுத்த முறை சர்வே பிராக்டிகலுக்கு ரேஞ்சிங் ராடை நட்டு வைக்கும்போது ஒரு நிமிஷம் அது நிற்கும் பாறையை நினைத்துப் பாருங்கள். யூரேசியாவுக்குச் சொந்தமில்லாத, கோண்டுவானாவின் பழைய துண்டு அது. அதைப் பற்றி எழுதப்படாதது இன்னும் எவ்வளவோ இருக்கிறது. நம்மில் ஒருவர் எழுதட்டும்!



– இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு